கூட்டவா, பெருக்கவா? நிகழ்தகவின் அடிப்படை விதிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பகடையை இரண்டு முறை உருட்டுகிறோம். குறைந்தது ஒரு முறையாவது 6 விழுவதற்கான நிகழ்தகவு என்ன?

இதைக் கேட்டதும் பலர் சட்டென்று சொல்லும் பதில் 1/3. முதல் முறைக்கு 1/6, இரண்டாம் முறைக்கு 1/6, இரண்டையும் கூட்டினால் 1/3. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சரி, அதே கணக்கைக் கொஞ்சம் நீட்டிப் பார்ப்போம். ஆறு முறை உருட்டினால் 6/6, அதாவது 1. அப்படியானால் ஆறு முறைக்குள் 6 விழுந்தே தீர வேண்டும். அப்படி ஒரு கட்டாயமும் இல்லை என்பது பகடையைக் கையில் எடுத்த எல்லாருக்கும் தெரியும். ஏழு முறை உருட்டினால் விடை 7/6 என்று ஒன்றையே தாண்டிவிடுகிறது. ஒன்றுக்கு மேல் நிகழ்தகவு என்று ஒன்று கிடையாது.

கூட்டக் கூடாத இடத்தில் கூட்டியதால் வந்த வினை இது. நிகழ்தகவு படிப்பவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். "அல்லது என்று வந்தால் கூட்டு, மற்றும் என்று வந்தால் பெருக்கு" என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். அது பாதிதான் உண்மை. அந்தக் கூட்டலுக்கும் ஒரு நிபந்தனை உண்டு, அந்தப் பெருக்கலுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. இரண்டும் வெவ்வேறு நிபந்தனைகள். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த இரண்டைப் பற்றித்தான். பேப்பரும் பேனாவும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

படி 1: என்னென்ன நடக்கலாம் என்று முதலில் எழுதுங்கள்

ஒரு சோதனையில் வரக்கூடிய எல்லா முடிவுகளின் தொகுப்புக்குக் கூறுவெளி என்று பெயர். ஒரு பகடைக்கு அது 1, 2, 3, 4, 5, 6. அதில் நமக்கு வேண்டிய முடிவுகளின் தொகுப்பு நிகழ்ச்சி. "இரட்டை எண் விழுவது" என்ற நிகழ்ச்சியில் 2, 4, 6 என்று மூன்று முடிவுகள் உள்ளன. எல்லா முடிவுகளுக்கும் சம வாய்ப்பு இருந்தால், நிகழ்தகவு என்பது வேண்டிய முடிவுகளின் எண்ணிக்கையை மொத்த முடிவுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. இங்கே 3/6, அதாவது 1/2.

"சம வாய்ப்பு இருந்தால்" என்ற சொற்களைத் தாண்டி வேகமாகப் போய்விடாதீர்கள். 18ஆம் நூற்றாண்டின் பெரிய கணித மேதைகளில் ஒருவரான தலம்பேர், பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் 1754ல் எழுதிய கட்டுரையில் இங்கேதான் சறுக்கினார். நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு முறையாவது தலை விழுமா என்பது கேள்வி. முதல் முறையே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது. அதனால் முடிவுகள் மூன்றுதான் (தலை, பூ–தலை, பூ–பூ), விடை 2/3 என்பது அவர் வாதம். ஆனால் அந்த மூன்றுக்கும் சம வாய்ப்பு இல்லை. முதல் முறையே தலை விழுவதற்கு 1/2, மற்ற இரண்டுக்கும் தலா 1/4. முழுதாக எழுதினால் தலை–தலை, தலை–பூ, பூ–தலை, பூ–பூ என்று நான்கு முடிவுகள், விடை 3/4. அப்பேர்ப்பட்டவரே சறுக்கிய இடத்தில் நாம் நின்று நிதானமாக எழுதிப் பார்ப்பதில் தவறே இல்லை.

இனி அ, ஆ என்பன நிகழ்ச்சிகளின் பெயர்கள். நி(அ) என்றால் அ நடப்பதற்கான நிகழ்தகவு.

படி 2: நடக்காமல் போவதையும் எண்ணுங்கள்

அ நடக்காமல் போவது அதன் நிரப்பு நிகழ்ச்சி. இரண்டில் ஒன்று நடந்தே ஆக வேண்டும் என்பதால்

நி(அ நடக்காது) = 1 − நி(அ)

பார்க்கச் சின்ன விதி. ஆனால் "குறைந்தது ஒன்று" என்று கேள்வி வந்தாலே இதைத்தான் தேடுவோம். படி 6ல் திரும்ப வருவேன்.

படி 3: கூட்டும் முன், "இரண்டும் சேர்ந்து நடக்குமா?" என்று கேளுங்கள்

ஒரு பகடையை ஒரே முறை உருட்டும்போது 2ம் 5ம் சேர்ந்து விழ முடியாது. ஒன்று நடந்தால் மற்றது நடக்க வழியே இல்லாத இத்தகைய நிகழ்ச்சிகளை ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள் என்கிறோம். இவற்றுக்கு மட்டும் கூட்டல் நேரடியாகச் செல்லும்:

நி(அ அல்லது ஆ) = நி(அ) + நி(ஆ)

2 அல்லது 5 விழ 1/6 + 1/6 = 1/3.

சேர்ந்து நடக்க முடியுமென்றால்? 52 சீட்டுகள் உள்ள கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுக்கிறோம். அது ராஜாவாகவோ ஹார்ட்டாகவோ இருக்க நிகழ்தகவு என்ன? ராஜாக்கள் 4, ஹார்ட்டுகள் 13. கூட்டினால் 17. ஆனால் ஹார்ட் ராஜா இரண்டு பக்கமும் கணக்கில் வந்துவிட்டார். ஒரு முறை கழித்தால் 16; விடை 16/52 = 4/13. எல்லா நேரத்துக்கும் பொருந்தும் கூட்டல் விதி இதுதான்:

நி(அ அல்லது ஆ) = நி(அ) + நி(ஆ) − நி(அ மற்றும் ஆ)

விலக்கும் நிகழ்ச்சிகளில் கடைசிப் பகுதி 0. எனவே முதல் சூத்திரம் தனியான விதி ஒன்றும் அல்ல. இதன் ஒரு எளிய நிலைதான். இரண்டில் ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் நீளமானதை வையுங்கள்.

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்குப் போகலாம். பேப்பரில் ஆறுக்கு ஆறு கட்டம் போடுங்கள். வரிசைகள் முதல் உருட்டல், நிரல்கள் இரண்டாம் உருட்டல். மொத்தம் 36 கட்டங்கள், எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு. முதல் உருட்டலில் 6 என்னும் வரிசையைப் பென்சிலால் தீட்டுங்கள்: 6 கட்டங்கள். பிறகு இரண்டாம் உருட்டலில் 6 என்னும் நிரலைத் தீட்டுங்கள்: அதுவும் 6. மூலையில் இருக்கும் (6, 6) கட்டத்தில் பென்சில் இரண்டு முறை ஓடியிருக்கும், அது மட்டும் மற்றவற்றைவிடக் கருப்பாகத் தெரியும். தீட்டிய கட்டங்களை எண்ணினால் 12 வராது, 11தான் வரும். விடை 11/36. 1/3 என்று சொன்னவர்கள் அந்த ஒற்றை மூலைக் கட்டத்தை இரண்டாக எண்ணியவர்கள்.

படி 4: பெருக்கும் முன், "ஒன்று நடந்தது தெரிந்தால் மற்றதன் வாய்ப்பு மாறுமா?" என்று கேளுங்கள்

அ நடந்துவிட்டது என்ற தகவல் கையில் கிடைத்த பிறகும் ஆ-வின் நிகழ்தகவு கொஞ்சமும் மாறவில்லை என்றால், இரண்டும் சார்பிலா நிகழ்ச்சிகள். சில புத்தகங்களில் சாரா நிகழ்ச்சிகள் என்றும் பார்க்கலாம். இவற்றுக்கு

நி(அ மற்றும் ஆ) = நி(அ) × நி(ஆ)

நாணயத்தில் தலையும் பகடையில் 6ம் சேர்ந்து விழ 1/2 × 1/6 = 1/12. நாணயத்துக்குப் பகடையைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இந்த மாதிரி எடுத்துக்காட்டுகளையே பார்த்துப் பழகியதால், சார்பின்மை என்றால் இரண்டு தனித்தனிப் பொருள்கள் வேண்டும் என்று ஓர் எண்ணம் மனதில் உட்கார்ந்துவிடுகிறது. அது சரியல்ல. ஒரே பகடையை ஒரே முறை உருட்டும்போதே பாருங்கள்.

அ: இரட்டை எண் (2, 4, 6), நி(அ) = 1/2. ஆ: 4 அல்லது அதற்குக் குறைவு (1, 2, 3, 4), நி(ஆ) = 2/3. இரண்டுக்கும் பொதுவானவை 2, 4; ஆகவே நி(அ மற்றும் ஆ) = 2/6 = 1/3. பெருக்கினாலும் 1/2 × 2/3 = 1/3. ஒரே எண்ணைப் பற்றிய இரண்டு தகவல்கள்தான், ஆனாலும் சார்பிலாதவை! "4க்கு மேல் போகவில்லை" என்று யாராவது காதில் சொன்னால் மீதி இருப்பது 1, 2, 3, 4. அதில் பாதி இரட்டை. முன்பும் பாதிதான்.

இப்போது ஆ-வை "3 அல்லது அதற்குக் குறைவு" என்று மாற்றுங்கள். பொதுவானது 2 மட்டும், 1/6. பெருக்கினால் 1/2 × 1/2 = 1/4. பொருந்தவில்லை, சார்பு வந்துவிட்டது. ஒரே ஒரு எண்ணை மாற்றியதும் நிலைமை தலைகீழ். அதனால்தான் சொல்கிறேன்: சார்பின்மையைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சார்பு இருந்தால் பெருக்கவே கூடாதா? பெருக்கலாம், ஆனால் இரண்டாவது எண்ணைத் திருத்திக்கொண்டு:

நி(அ மற்றும் ஆ) = நி(அ) × நி(அ நடந்த நிலையில் ஆ)

இந்த இரண்டாவது எண்ணுக்கு நிபந்தனை நிகழ்தகவு என்று பெயர். கட்டிலிருந்து இரண்டு சீட்டுகளை அடுத்தடுத்து எடுக்கிறோம். இரண்டும் ஏஸாக இருக்க வேண்டும். முதல் சீட்டைத் திரும்ப வைத்துக் கலைத்தால் 4/52 × 4/52 = 1/169. திரும்ப வைக்காவிட்டால் மீதி 51 சீட்டுகளில் 3 ஏஸ்கள்தான்: 4/52 × 3/51 = 1/221. கணக்கில் "திரும்ப வைத்து", "திரும்ப வைக்காமல்" என்ற சொற்கள் வந்தால் உடனே அடிக்கோடிடுங்கள். விடை முழுவதும் அதில்தான் தொங்குகிறது.

இரண்டு விதிகளும் கைகோத்து வரும் இடம் ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. சீட்டைத் திரும்ப வைக்கவில்லை. முதல் சீட்டு என்ன என்று பார்க்கவும் இல்லை. இரண்டாவது சீட்டு ஏஸாக இருக்க நிகழ்தகவு என்ன? மர வரைபடம் போடுங்கள். முதல் கிளை: முதலில் ஏஸ், பிறகும் ஏஸ் (4/52 × 3/51 = 12/2652). இரண்டாம் கிளை: முதலில் ஏஸ் அல்ல, பிறகு ஏஸ் (48/52 × 4/51 = 192/2652). கிளை நெடுகப் போகும்போது பெருக்கினோம். இரண்டு கிளைகளும் சேர்ந்து நடக்க முடியாது என்பதால் அவற்றைக் கூட்டலாம்: 204/2652 = 1/13. முதல் சீட்டுக்கு இருந்த அதே 1/13! பார்க்காத சீட்டு எந்தத் தகவலையும் தரவில்லை, அதனால் எதுவும் மாறவில்லை.

படி 5: இரண்டையும் ஒன்றாக நினைப்பதை விட்டுவிடுங்கள்

"விலக்கும் நிகழ்ச்சிகள் ஒன்றோடொன்று சேராதவை; சேராதவை என்றால் சம்பந்தமில்லாதவை; சம்பந்தமில்லாதவை என்றால் சார்பிலாதவை." இப்படி ஒரு வழுக்குப் பாதையில் போய்ப் பலர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். விடைத்தாள்களில் இதைப் பார்க்கும்போதெல்லாம் மனது கஷ்டப்படும், ஏனென்றால் உண்மை நேர் எதிரானது.

பகடையில் 2 விழுந்துவிட்டது என்று தெரிந்தால், 5 விழுந்திருக்கும் வாய்ப்பு 1/6லிருந்து 0க்கு இறங்கிவிடுகிறது. இதைவிடப் பலமான சார்பு இருக்க முடியுமா? ஒன்றையொன்று விலக்குவது என்பதே ஒன்று மற்றதைத் தடுப்பது. சூத்திரத்திலும் அதுவே தெரியும்: விலக்கும் நிகழ்ச்சிகளில் நி(அ மற்றும் ஆ) = 0; சார்பிலாதவையாகவும் இருக்க வேண்டுமென்றால் நி(அ) × நி(ஆ) = 0 ஆக வேண்டும். இரண்டில் ஒன்று நடக்கவே முடியாததாக இருந்தால்தான் அது சாத்தியம். ஆகவே நடக்க வாய்ப்புள்ள இரண்டு நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று விலக்கினால் அவை கட்டாயம் சார்புடையவை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. விலக்கும் தன்மையைப் பட்டியலைப் பார்த்தே சொல்லிவிடலாம். பொது முடிவு இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான். சார்பின்மைக்கு எண்கள் வேண்டும். ஒரு பக்கம் கனமான பகடையாக இருந்தாலும் 2ம் 5ம் விலக்கும் நிகழ்ச்சிகள்தான். ஆனால் படி 4ல் பார்த்த அந்தச் சார்பின்மை கனமான பகடையில் பெரும்பாலும் நிற்காது. ரஷ்யக் கணிதவியலாளர் கோல்மோகொரோவ் 1933ல் நிகழ்தகவுக்கு அடிப்படை விதிகளை வகுத்தபோது, விலக்கும் நிகழ்ச்சிகளுக்கான கூட்டலை அந்த அடிப்படைகளிலேயே வைத்தார். சார்பின்மையின் பெருக்கலோ பின்னால் வரும் ஒரு வரையறை. இதனால் பெருக்கலைப் பயன்படுத்துபவர்தான் அதற்குக் காரணம் காட்ட வேண்டும்.

படி 6: "குறைந்தது ஒன்று" என்றால் பின்பக்கமாகப் போங்கள்

1654ல் பிரெஞ்சுக் கணிதவியலாளர்கள் பாஸ்கலும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்துதான் நிகழ்தகவுக் கணிதம் வளர்ந்தது என்பார்கள். அந்தக் கடிதங்களில் வரும் ஒரு சிக்கல் தெமெரே என்ற பிரெஞ்சுக்காரர் எழுப்பியது. ஒரு பகடையை 4 முறை உருட்டினால் ஒரு 6 விழுவது சாதகமான பந்தயம். இரண்டு பகடைகளை 24 முறை உருட்டினால் ஒரு (6, 6) விழுவதும் அப்படித்தானே இருக்க வேண்டும்? 6க்கு 4 என்றால் 36க்கு 24, விகிதம் ஒன்றுதானே?

நேராகப் போனால் ஒரு முறை விழுவது, இரண்டு முறை விழுவது என்று வகைகள் பெருகிக்கொண்டே போகும். பின்பக்கமாக வாருங்கள். "குறைந்தது ஒன்று" என்பதன் நிரப்பு "ஒன்றுகூட இல்லை". உருட்டல்கள் சார்பிலாதவை, எனவே பெருக்கலாம். நான்கு முறையும் 6 விழாமல் போக (5/6) × (5/6) × (5/6) × (5/6) = 625/1296. ஆகவே ஒன்றாவது விழ 671/1296, சுமார் 0.518. பாதிக்கு மேல்.

இரண்டு பகடைகளில் ஒரு முறை (6, 6) விழாமல் போக 35/36. அதை 24 முறை பெருக்கி ஒன்றிலிருந்து கழித்தால் சுமார் 0.491. பாதிக்குக் கீழே. விகிதம் ஒன்றாக இருந்தும் பந்தயம் சாதகத்திலிருந்து பாதகமாகிவிட்டது. விகிதத்தை நம்புவதும், தொடக்கத்தில் 1/6 + 1/6 என்று கூட்டியதும் ஒரே குடும்பத்துத் தவறுகள்.

படி 7: சார்பின்மை இருக்கும் இடத்தில் அதை நம்புங்கள், இல்லாத இடத்தில் கற்பிக்காதீர்கள்

1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டே கார்லோ சூதாட்ட விடுதியில் ரூலெட் சக்கரத்தில் பந்து தொடர்ந்து 26 முறை கருப்பிலேயே விழுந்தது. "இத்தனை முறை கருப்பு வந்துவிட்டது, இனி சிவப்புதான்" என்று எண்ணிப் பலர் சிவப்பில் பணம் கட்டிப் பெரும் தொகையை இழந்தார்கள். 37 குழிகள் கொண்ட சக்கரத்தில் சிவப்பு 18. ஒவ்வொரு சுற்றிலும் வாய்ப்பு 18/37 மட்டுமே, முந்தைய சுற்றுகளில் என்ன நடந்திருந்தாலும் சரி. சக்கரத்துக்கு ஞாபகம் கிடையாது. தொடர்ந்து 26 கருப்பு வருவது அரிது என்பது உண்மை. ஆனால் 25 வந்து முடிந்த பிறகு 26ஆவதும் கருப்பாக வருவது அரிதல்ல.

இதற்கு நேர் மாறான தவறு இன்னும் கொடுமையானது. இங்கிலாந்தில் 1999ல், இரண்டு கைக்குழந்தைகளை அடுத்தடுத்து இழந்த ஒரு தாய், அவர்களைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டார். அத்தகைய குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென இறப்பது 8,543ல் ஒன்று என்ற கணக்கை வைத்து, இரண்டு குழந்தைகளும் இறப்பதற்கு அதை அதனாலேயே பெருக்கி 7.3 கோடியில் ஒன்று என்று நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப்பட்டது. ஒரே பெற்றோர், ஒரே மரபணுக்கள், ஒரே வீடு. முதல் சாவுக்குக் காரணமான ஏதோ ஒன்று இரண்டாவதற்கும் காரணமாக இருந்திருக்கலாம் அல்லவா? சார்பின்மைக்கு எந்த ஆதாரமும் இல்லாமலே பெருக்கியிருந்தார்கள். அரச புள்ளியியல் கழகம் 2001ல் இந்தக் கணக்குக்குப் புள்ளியியல் அடிப்படை இல்லை என்று பகிரங்கமாகச் சொன்னது. 2003ல் தண்டனை ரத்தானது. அதற்குள் அந்தத் தாய் மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்துவிட்டார். பெருக்கல் குறி போடும் முன் ஏன் இத்தனை முறை கேட்கச் சொல்கிறேன் என்பது இதைப் படித்தால் புரியும்.

படி 8: மூன்று நிகழ்ச்சிகள் வந்தால் ஒரு எச்சரிக்கை

இரண்டிரண்டாகச் சோதித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். இரண்டு நாணயங்கள். அ: முதலாவதில் தலை. ஆ: இரண்டாவதில் தலை. இ: இரண்டிலும் ஒரே முகம். ஒவ்வொன்றுக்கும் 1/2, எந்த இரண்டை எடுத்தாலும் சேர்ந்து நடக்க 1/4, எனவே சார்பிலாதவை. மூன்றும் சேர்ந்தால்? அ-வும் ஆ-வும் நடந்தாலே இ தானாக நடந்துவிடுகிறது. அதனால் 1/8 வராமல் 1/4 வரும். மூன்றையும் ஒன்றாகப் பெருக்க வேண்டுமென்றால் மூன்றுக்கும் சேர்த்துச் சோதனை தேவை.

படி 9: ஒரு முழுக் கணக்கு

ஒரு கட்டடத்தில் இரண்டு புகை எச்சரிக்கைக் கருவிகள். தீப்பிடித்தால் முதலாவது ஒலிக்க நிகழ்தகவு 0.9, இரண்டாவது ஒலிக்க 0.8. சரியாக ஒன்று மட்டும் ஒலிக்க?

இது நடக்க இரண்டு வழிகள்: முதலாவது ஒலித்து இரண்டாவது ஒலிக்காமல் இருப்பது, அல்லது முதலாவது ஒலிக்காமல் இரண்டாவது ஒலிப்பது. இந்த இரண்டு வழிகளும் ஒன்றையொன்று விலக்குகின்றன, கூட்டலாம். ஒவ்வொரு வழிக்குள்ளும் கருவிகள் சார்பிலாதவை என்று எடுத்துக்கொண்டால் பெருக்கலாம்: 0.9 × 0.2 + 0.1 × 0.8 = 0.18 + 0.08 = 0.26.

அப்புறம் சரிபார்க்க வேண்டும். இரண்டும் ஒலிக்க 0.72, எதுவும் ஒலிக்காமல் போக 0.1 × 0.2 = 0.02. மூன்றையும் கூட்டினால் 0.72 + 0.26 + 0.02 = 1. சரி. இப்படிக் கூட்டி 1 வருகிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும், பல தவறுகள் அங்கேயே பிடிபடும்.

ஆனால் இரண்டு கருவிகளுக்கும் ஒரே மின்இணைப்பு என்றால்? அது அறுந்தால் இரண்டும் சேர்ந்தே ஊமையாகிவிடும். அப்போது 0.02 என்ற எண்ணை நம்பித் தூங்க முடியாது.

நீங்களே போட்டுப் பார்க்க

இரண்டு பகடைகளில் கூடுதல் 7 அல்லது 11 வர நிகழ்தகவு என்ன? (6/36 + 2/36 = 2/9; விலக்கும் நிகழ்ச்சிகள்.)

ஒரு பையில் 5 சிவப்பு, 3 நீலப் பந்துகள். திரும்ப வைக்காமல் இரண்டு எடுத்தால் நிறங்கள் வேறுபட? (5/8 × 3/7 + 3/8 × 5/7 = 15/28.)

முதல் பகடையில் 4 விழுவதும் கூடுதல் 7 வருவதும் சார்பிலாதவையா? கூடுதல் 6 என்றால்? (7க்கு ஆம்: 1/36 = 1/6 × 1/6. 6க்கு இல்லை: 1/36 ஒரு பக்கம், 1/6 × 5/36 = 5/216 மறுபக்கம்.)

கடைசியாக ஒன்று. 1 முதல் 100 வரை எழுதிய சீட்டுகளிலிருந்து ஒன்றை எடுக்கிறோம். அது 2ஆல் வகுபடுவதும் 5ஆல் வகுபடுவதும் சார்பிலாதவை: 50/100 × 20/100 = 10/100. இப்போது 100 என்ற சீட்டை மட்டும் எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். மீதி 99ல் இரட்டை எண்கள் 49, 5ன் மடங்குகள் 19, இரண்டாலும் வகுபடுபவை 9. இன்னும் சார்பிலாதவையா என்று பெருக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் 931/9801 வரும், மறுபக்கம் 891/9801.